இந்தப் புத்தகத்தைப் படித்தாயா?



1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் இருவர் சந்தித்தார்கள். ஒருவர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார். மற்றவர், அவ்வூர்க் கல்லூரியில் அவ்வாண்டிலேதான் தமிழாசிரியராக அமர்ந்திருந்த 25 வயது இளைஞர். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் பாடங்கேட்டவற்றை இளைஞர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இளைஞர் அந்நூலைக் கண்ணாலும் கண்டதில்லை.

அந்த இளைஞர் வேறு யாருமல்லர். தமிழ்த் தாத்தா என்று நாமெல்லோரும் போற்றும் உ. வே. சாமிநாதையரே அவர். அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1887-ல் அவர் அச்சிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று அவ்வழி நீண்டது. இந்தச் சந்திப்பை அவர் தம் 'என் சரித்திர'த்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. முதலியார் கேள்வி கேட்டதோடு நின்றுவிடவில்லை. தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்தார். கொடுத்ததோடும் நின்றுவிடவில்லை, அந்நூலை இளைஞர் படித்துச் சொல்லத் தாம் உட்கார்ந்து கேட்டார். கேட்டல், கொடுத்தல், உடனிருந்து கேட்டல் என்னும் இம்மூன்றும் சேர்ந்தே ஒரு நூலை ஒருவரிடம் கொண்டு சேர்த்தன.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஆயினும், அறிஞர்கள் அறிஞர்களுக்கு நூல் சொல்வதைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் போபாலிலும் வளர்கின்ற நம் பிள்ளைகள், தங்களுக்குள் ஒருவருக்கொருவர் தமிழ்ப் புத்தகங்களை எடுத்துச் சொல்வதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மதுரையிலோ தஞ்சையிலோ வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகத்தின் பெயர் பல வழியாக வந்து சேரும். அடுத்த பெஞ்சில் இருப்பவன் சொல்வான்; எதிர்வீட்டு அக்காள் கையில் ஒன்று இருக்கும்; பள்ளி நூலகத்தில் ஒன்று கண்ணில் படும். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்கும் புத்தகப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அப்பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. பேசப்படும் புத்தகமும் அம்மொழியிலேயே இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பெயர் வருமானால், அது தாய் தந்தையர் வாயிலிருந்துதான் வருகிறது. வரும்போதே, 'நீ தமிழை மறந்துவிட்டாய்' என்ற குறையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் தமிழ்ப் பேச்சு இருக்கிறது. அலமாரியில் தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு அந்தப் புத்தகம் செல்லும் பாதைதான் இல்லை.

இதை நாம் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நாமே தவறிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தில்லியில் நாம் வசிக்கும் குடியிருப்பில் 11 தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. 9 வயது முதல் 16 வயது வரையில் 14 பிள்ளைகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் படித்த சிலர் தமிழ் எழுதப் படிக்க அறிந்திருந்தார்கள். மற்றவர்கள் தமிழை நன்றாகப் பேசுவார்கள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். ஒரு கோடை விடுமுறைக்கு முன், சிறுவர் படிக்க வேண்டிய 50 தமிழ் நூல்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்தோம். அலுவலகத்தில் நாம் செய்வது மொழிபெயர்ப்புத் தொழில். பட்டியல் போடுவது நமக்குக் கைவந்த கலை. பிழையறத் தட்டச்சுச் செய்து வீடுதோறும் வழங்கினோம். பட்டியலின் தலையில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நின்றது. கடைப் பலகையைப் படிக்கவே எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் 5 பாகம் கொண்ட நாவலின் பெயரை நீட்டியிருக்கிறோம் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்தது. ஒரு வீட்டில் நம் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டு மகிழ்ந்தோம். அருகே சென்று பார்த்தால், அதன் ஓரத்தில் அம்மாதத்துப் பால் கணக்கு எழுதப்பட்டிருந்தது. 50 நூல்களில் ஒன்றையேனும் ஒரு பிள்ளையும் தொடவில்லை.

எங்கே தவறினோம்? நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் நம்மவர், சீர்காழியில் 1892-ல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தவர், பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது அடுத்தது. நம் பட்டியல் இவ்விரண்டையும் மறந்திருந்தது. அதிலிருந்தவை நாம் இளமையில் படித்த நூல்கள். அல்லது, படிக்காமற் போனோமே என்று இப்போது நாம் வருந்தும் நூல்கள். அந்தப் பட்டியலில் நாம் இருந்தோம், பிள்ளைகள் இல்லை.

அவ்வாண்டு நவராத்திரி வந்தது. ஒரு வீட்டுக் கொலுவில், சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குறும்பு தாங்காமல் ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஜப்பானியச் சிறுமியின் கதை அது. அவளைத் தாய் வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே வகுப்பறைகள் கட்டடங்களாக இல்லை; பழைய ரயில் பெட்டிகளாக இருக்கின்றன. தலைமையாசிரியர் அச்சிறுமியை எதிரில் உட்கார வைத்து, அவள் சொல்வதையெல்லாம் மணிக்கணக்காகக் கேட்கிறார். இவ்வளவு சொல்லிவிட்டு, "கடைசியில் அந்தப் பள்ளிக்கு ஒன்று நடக்கும், அதை மட்டும் சொல்லமாட்டேன்" என்று எழுந்துவிட்டாள்.

டெட்சுகோ குரோயானகி என்னும் ஜப்பானிய எழுத்தாளர் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதி, 1981-ல் வெளியான 'டோட்டோ-சான்' என்னும் நூல் அது. நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் வேறு பல இந்திய மொழிகளிலும் வெளியிட்டிருக்கிறது.

படிக்கட்டின் கீழே இருந்த ஒரு பையன், "ரயில் பெட்டியிலேயா பள்ளிக்கூடம்?" என்று கேட்டான். அவனுக்கு வயது 11. தந்தைக்கு ரயில்வேயில் உத்தியோகம். தமிழ் எழுத்து அவனுக்குத் தடுமாற்றம். அதே நூல் இந்தியிலும் உண்டென்பதை அறிந்து முதலில் இந்தியில் படித்தான். பிறகு, அச்சிறுமியிடமிருந்த தமிழ்ப் பிரதியை வாங்கிச் சென்றான். இரண்டு மாதத்திற்குள் அந்தப் பிரதி ஆறு வீடுகளுக்குச் சென்று, அட்டை கிழிந்து, நூல் கொண்டு தைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. 50 நூல்களுக்கு நாம் செய்ய முடியாததை ஒரு நூலுக்கு அவள் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டாள்.

முன்பே கதை தெரிந்த நூலை இரண்டாம் மொழியில் படிப்பது எளிது. மொழிபெயர்ப்பாளர்களாகிய நாம் இதை அன்றாடம் காண்கிறோம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தால், தெரியாத சொல் ஒருவரை நிறுத்துவதில்லை. பொருளை ஊகித்துக்கொண்டு மேலே செல்லலாம். ஆகவே, தமிழ் எழுத்தில் தயங்கும் பிள்ளைக்கு, அது வாழும் மாநிலத்தின் மொழியிலும் தமிழிலும் ஒருங்கே கிடைக்கும் நூலைப் போல் உதவுவது வேறில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் 'நேரு பால் புஸ்தகாலயா' வரிசையில் அத்தகைய சிறுநூல்கள் உள்ளன. ஒரே கதை, பல மொழிகள். மராத்தியிலோ வங்காளியிலோ இந்தியிலோ படித்த பிள்ளை, தமிழ்ப் பிரதியைத் திறக்கும்போது பழகிய வீட்டிற்குள் நுழைவதைப் போல நுழையும்.

அந்த நவராத்திரிக்குப் பின், ஞாயிறுதோறும் மாலையில் பிள்ளைகள் கூடலாயினர். விதிகளை அவர்களே வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அதில் ஒரே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். அது யாருக்குப் பிடிக்கும் என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டும். முடிவைச் சொல்பவர்க்கு அடுத்த வாரம் பேச்சில்லை. சொன்னவற்றை ஒரு 100 பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. அந்த ரயில்வேப் பையன் தமிழில்தான் எழுதினான். ஆனால் இந்தி எழுத்தில் எழுதினான். பேச்சு தமிழ், எழுத்து தேவநாகரி. பெரியவர் ஒருவர் இதைக் கண்டு மிகவும் வருந்தினார். "இதை அனுமதித்தால் இவன் தமிழ் எழுத்தை எந்நாளும் கற்கமாட்டான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நாள் முழுவதும் எழுத்தோடு உழலும் நமக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்க மனம் சங்கடப்பட்டது. ஆயினும், தடுத்தால் அவன் எழுதுவதை மட்டுமன்றி வருவதையும் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். செய்தது சரிதானா என்ற ஐயம் பல நாள் நம்மை விட்டு நீங்கவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. மதுரையிலிருந்து மாற்றலாகி ஒரு குடும்பம் வந்தது. அவ்வீட்டுச் சிறுமிக்கு வயது 9. அவளுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. பள்ளியில் பேச்சுத் துணையின்றி வாடியிருந்த குழந்தை, ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் புத்தகத்தை ஆவலோடு எடுத்துப் புரட்டினாள். அவன் எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தி, "அண்ணா, இது என்ன புத்தகம்? எனக்குப் படிக்க வரவில்லையே" என்று கேட்டாள். அவன் வாயால் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டிற்குப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறன்று அந்தப் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் தமிழ் எழுத்தில் ஏழு வரி இருந்தது. றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தன. ணகரம் வரவேண்டிய இடமெல்லாம் னகரம் நின்றது. பிழை திருத்துவது நம் பிழைப்பு. எனினும், அன்று நாம் பேனாவைத் தொடவில்லை. அவள் ஏழு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்து, "அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, அண்ணா?" என்றாள்.

நேயர்களே, அப்பையனின் தாயார் இரண்டு ஆண்டுகளாகத் தமிழ் எழுதச் சொல்லி மன்றாடியிருந்தார். தாய்மொழிக் கடமை என்று நாமும் சொல்லிப் பார்த்திருந்தோம். அவற்றுக்கெல்லாம் அசையாதவன், தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை ஒரு சிறுமிக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசைக்கு அசைந்தான். நாம் சொல்ல வந்த செய்தி முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. கடமை என்றால் பிள்ளை தப்பிக்க வழி தேடுகிறது. தன் சொல்லுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று கண்டால், அதுவே எழுத்தைத் தேடிப் போகிறது.

இத்தகைய கூட்டம் நடத்த விரும்பும் நேயர்களுக்கு, நாம் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, சொல்லப்படும் நூல் அன்றே கையில் இருக்க வேண்டும். ஆசை பிறந்த நேரத்தில் நூல் இல்லையெனில், அடுத்த வாரம் ஆசை இருப்பதில்லை. 1946-ல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம், 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஆகியவற்றைப் போன்ற சங்கங்களின் நூலகங்களை நாடலாம். சங்கம் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தைப் பார்க்கலாம். படிக்கும் திறனுக்கேற்பப் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்ட கதைகள், தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் கட்டணமின்றி அங்கே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் உள்ளன.

இரண்டாவது, பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' நமக்கு உயிரான நூல். கரிசல் காட்டுச் சிறுவர்களும் பறவைகளும் நிறைந்தது. அதை மிகுந்த ஆசையோடு ஒரு மாணவனிடம் கொடுத்தோம். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்து, "பிடிக்கவில்லை, மாமா" என்றான். மனம் நொந்தது உண்மை. பின்பு பொறுமையாகக் கேட்டபோது, பாதிச் சொற்கள் விளங்கவில்லை என்றான். தவறு நூலினிடத்தும் இல்லை, அவனிடத்தும் இல்லை. அவன் தில்லியை விட்டு அதிகம் வெளியே போனவனல்லன். விடுமுறைதோறும் கோவில்பட்டிப் பக்கம் தாத்தா வீட்டிற்குப் போய்வரும் ஒரு பெண், அந்நூலை அவனுக்கும் மற்றவர்களுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். இடையிடையே, "இது இப்படியிருக்கும்" என்று தரையில் படம் வரைந்தும் காட்டினாள். அவ்வாறு அந்நூல் அவனைச் சென்றடைந்தது. பிடிக்கவில்லை என்று அவன் சொல்லத் துணியாதிருந்தால், படித்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பான், நாமும் நம்பியிருப்போம்.

மூன்றாவது, பெரியவர்கள் கூட்டத்தில் பின்வரிசையில் இருக்க வேண்டும். தேநீர் போடலாம், நூல் வாங்கித் தரலாம், கேட்டால் ஒழியச் சொல்லாதிருத்தல் நலம். நம்முடைய முறை வரும்போது, நாமும் அவர்களைப் போலவே ஒரு காட்சியைச் சொல்லி, அது யாருக்குப் பிடிக்கும் என்று பெயர் சொல்லலாம். சென்ற வாரம் ஒரு பிள்ளை சொன்ன நூலை நாம் படித்துவிட்டு வந்தோமானால், அதைவிட அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை வேறில்லை.

நம் குடியிருப்பில் இப்போது குடும்பங்கள் பல மாறிவிட்டன. மத்திய அரசு உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. அந்த ரயில்வேக் குடும்பமும் வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட்டது. போகுமுன் அந்தப் பையன் நோட்டுப் புத்தகத்தை மதுரைச் சிறுமியிடம் ஒப்படைத்தான். அதன் முதற்பக்கத்தில் அவள் இரண்டு பத்தி போட்டுக் கோடிழுத்திருக்கிறாள். ஒன்றில் சொன்னவர் பெயர். மற்றொன்றில், அந்தச் சொல்லைக் கேட்டுப் படித்தவர் பெயர். இரண்டாம் பத்தி நிரம்பாத வரிகளை அவள் அவ்வப்போது எடுத்துப் பார்த்து, உரியவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

கும்பகோணத்து முன்சீபு அன்று கேட்டதும் அத்தகைய கேள்விதான். இன்றிரவு உணவு வேளையில், உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "நீ படித்தவற்றுள் எனக்கு ஒன்று சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். எந்த மொழி நூலாயினும் சொல்லட்டும். அதை நீங்கள் படித்து முடித்த பின், உங்கள் முறை வரும். அப்போது அலமாரியிலிருந்து ஒரு தமிழ் நூலை எடுத்துக் கையில் கொடுத்து, அதைப் பிள்ளை படித்துச் சொல்லும்போது, அருகில் அமர்ந்து கேளுங்கள்.